மூன்றாம் பெட்டி, இரண்டாம் கதவு

நியூயோர்க்கில், தெருவுக்கு மேலே தூண்களில் போகிற பழைய ரயில்பாதை ஒன்றைப் பூங்காவாக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க, கனடாவில் நாங்கள் இருக்கிற ஸ்காபரோவிலிருந்து பத்து மணித்தியாலம் காரில் போகவேண்டும் என்று மகள் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மேலால் ஓடி நின்றுபோன ரயில்பாதை எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறதே.

"உது சும்மா கொங்கிரீட், அப்பா. அது பார்க். நீங்களும் அம்மாவும் ஒண்டா லீவு எடுத்ததே இல்லை. பிளீஸ்" என்றாள்.

உண்மைதான். எனக்குத் தொழிற்சாலையில் காலை வேலை, மனைவிக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளைக் கைமாற்றியது, எங்கள் வீட்டுப் பக்கம் அப்போது ஓடிய அந்த ரயிலின் கடைசி ஸ்டேசனில்தான். மூன்றாம் பெட்டி, இரண்டாம் கதவு என்று பேசி வைத்திருந்தோம். நான் இறங்குவேன். மனைவி பிள்ளையை என் கையில் தந்துவிட்டு அதே ரயிலில் ஏறுவாள்.

"காய்ச்சல் விட்டிட்டுது. பால் குடிச்சவள். சோறு அடுப்பிலை இருக்கு."

கதவு மூடிவிடும். அவள் வேலை முடிந்து வரும்போது நான் நித்திரை. விடியமுன் நான் வெளிக்கிடும்போது அவள் நித்திரை. பிள்ளை வளர்ந்தாள், ரயில் நின்று பஸ் வந்தது, எங்கள் வேலை நேரம் மட்டும் மாறவில்லை. சனி ஞாயிறு என்றால் கலியாண வீடு, பிறந்தநாள் வீடு, கடை கண்ணி.

பூங்காவில் சனம் ஆறுதலாக நடந்தது. தண்டவாளத்துக்கு நடுவே புல்லும் பூவும். நான் பழக்கதோஷத்தில் விறுவிறுவென்று எல்லாரையும் முந்திக்கொண்டு போனேன். மகள் பிடித்து ஒரு வாங்கில் இருத்தி, பக்கத்தில் தாயையும் இருத்திவிட்டுக் கோப்பி வாங்கப் போனாள்.

"பிறஷர் குளிசை போட்டனீங்களோ?"

"ஓம். கார்த் திறப்பு உன்னட்டையோ?"

"ஓம். புதன்கிழமை ஹீற்றர் பாக்க ஆள் வருது. நீங்கள்தான் நிக்கோணும்."

"சரி."

அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள், நான் எழும்பிவிட்டேன். இரண்டு பேருக்கும் போக ஒரு இடமும் இல்லை. வெட்கத்தோடு திரும்ப இருந்தேன். எங்களுக்குள் கதைக்க இனி ஒன்றுமே இல்லையோ என்று பயமாக இருந்தது.

"இஞ்சரப்பா, வேலையிலை நீ என்ன சாப்பிடுறனீ?" வேறொன்றும் வாயில் வரவில்லை.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உதைக் கேக்க இவ்வளவு காலம் எடுத்ததோ?"

பிறகு சொன்னாள். "சோறுதான் கொண்டுபோறனான். சூடாக்க நேரம் கிடைக்கிறேல்லை. அங்கை ஒரு கிழவி எனக்கெண்டு ரெண்டு பிஸ்கட் எடுத்து வைப்பா. அவவுக்கு என்ரை பேர் தெரியாது, எண்டாலும்..."

சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது. தலை என் தோளில் சரிந்தது.

அவள் நித்திரையாய்க் கிடப்பதை எத்தனையோ விடியல்களில் பார்த்திருக்கிறேன். அவளுக்கு நித்திரை வருவதை அன்றுதான் பார்த்தேன். மகள் கோப்பியோடு வந்து, போவமா என்று கையால் கேட்டாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். தோள் விறைத்துக்கொண்டு வந்தது. அசையாமல் இருந்தேன்.