வராத வெள்ளைக் குதிரை

மணவாள நகர் டென்ட் கொட்டாயில், தோளில் தூங்கும் பிள்ளையோடு நின்றிருந்த கங்கம்மாளுக்குத் தன் பெஞ்சை விட்டுவிட்டு மணலில் போய் உட்கார்ந்தார் முனிகிருஷ்ணன். "பெஞ்சுல உக்காந்தா கழுத்து நோவுதுக்கா" என்றார். அவள் ஆபரேட்டர் அருணகிரியின் சம்சாரம் என்பது அவருக்குத் தெரியாது.

முனிகிருஷ்ணன் ரைஸ் மில்லில் நெல் அவிப்பவர். தமிழ்ப் படம் கிடைக்காத வாரத்தில் வந்துபோகும் பேர் தெரியாத குதிரைப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். மறுநாள் காலையில் கொட்டாய்க்குப் பின்னால் அறுந்த பிலிம் துண்டுகளைப் பொறுக்குவார். அதைப் பார்த்த பிறகு, துண்டுகளை எறியாமல் எடுத்துவைக்கச் சொல்லிப் புருஷனை நச்சரித்தாள் கங்கம்மாள்.

மில்லில் அவரைக் கௌபாய் நைனா என்று கிண்டல் செய்வார்கள். இந்தக் குப்பைப் படத்தில் இன்னா இருக்கு என்று அவளும் ஒருநாள் கேட்டாள்.

"படத்துல கதவைச் சாத்துனா செவுரே ஆடுதுக்கா. டப்பு இல்லாம எடுத்துக்கிறாங்க. நாமளும் மறந்துட்டா, குதிரையில வர்ற அந்த ஆளு நடிச்சதே இல்லன்னு ஆயிடும்."

அறுபத்தாறில் ஒரு படம் கடைசி ரீல் இல்லாமலே வந்தது. வேறு வழியில்லாமல் வேறொரு குதிரைப் படத்தின் முடிவை ஒட்டி ஓட்டினார் அருணகிரி. அடிபட்டு வெள்ளைக் குதிரையில் கிளம்பியவன் கறுப்புக் குதிரையில் வந்து இறங்கினான். கொட்டாயே விசிலடித்தது. முனிகிருஷ்ணன் மட்டும் எழுந்திருக்காமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளைக் குதிரை எங்கே போனது என்பதே அதற்கப்புறம் அவருக்கு ஏக்கமாகிவிட்டது. மெட்ராஸிலிருந்து எந்தப் படப்பெட்டி வந்தாலும் வந்து விசாரிப்பார். சினிமாவுக்கெல்லாம் பெருமாளைக் கேட்கலாமா என்று கூச்சமாக இருந்தாலும், அமாவாசைக்கு வீரராகவர் கோயில் குளத்தில் நேர்த்திக்கடனாக வெல்லம் கரைக்கும்போது கங்கம்மாள் அந்தக் கடைசி ரீலுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வாள்.

எழுபத்திரண்டில் அதே படம் திரும்ப வந்தது. பெட்டியில் கடைசி ரீலும் இருந்தது. கங்கம்மாள் ஓடிப்போய் மில்லில் சொன்னாள். அவர் குளித்து, விபூதி பூசி, வெளுத்த சட்டை போட்டு வந்தார். கடைசியில் வந்து நின்றது அதே கறுப்புக் குதிரைதான். அருணகிரி ஒட்டி அனுப்பிய பிரிண்டே ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்திருந்தது. அருணகிரி தலைகுனிந்து நிற்க, முனிகிருஷ்ணன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நெஞ்சுச் சளி முற்றி முனிகிருஷ்ணன் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று கங்கம்மாள் திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். பிலிம் துண்டுகள் இருந்த பிஸ்கட் டப்பாவை அவள் கையில் கொடுத்தார். வண்டி அசைந்ததும் ஜன்னலில் குனிந்து சொன்னார்:

"நெஜ ரீலு எப்பனா வந்தா எனுக்காகக் காத்துகினு இருக்காதக்கா, ஓட்டிடச் சொல்லு. குதிரை ஊடு வந்து சேந்துதான்னு மட்டும் நீ பாத்து வை."