பதிலுக்கு விட்ட இடைவெளி

நாற்பது வயது தாண்டியபின் புதிதாக ஒரு பாஷை படி என்றால் மண்டைக்குள் எங்கே இடமிருக்கும்? அரசாங்க வேலை நிரந்தரமாக வேண்டுமானால் சிங்களப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். எழுத்துப் பரீட்சையில் எப்படியோ தப்பிவிட்டேன். வாய்மொழிப் பரீட்சையில் இரண்டு தரமும் வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு வந்தேன். மூன்றாம் தரமும் தவறினால் வேலை இல்லை என்று கடிதமே தந்துவிட்டார்கள். வேலணையில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அந்த வேலையில்தான் இரண்டு பேரின் சோறும் இருந்தது.

அம்மாவுக்கு அப்போது மறதி நன்றாக முற்றியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "நான் சாப்பிட்டனானோ?" என்று கேட்பார். என்னைப் பார்த்து, "நீங்கள் ஆற்றை பிள்ளை?" என்று மரியாதையாக விசாரிப்பார். முதலில் அழுதேன். பிறகு எரிச்சல் வந்தது. பிறகு, "உங்கடை பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

கடிதம் வந்த கிழமை, வேகமாகப் பாடமாக்குவது எப்படி என்று போனில் தேடத் தொடங்கினேன். என்னென்ன வித்தைகள்! இடது கையால் எழுது என்றார் ஒருவர். எழுதினேன், எனக்கே வாசிக்க ஏலாமல் போனது. கடைசிப் பாடத்திலிருந்து முதற்பாடத்துக்குப் படி என்றார் இன்னொருவர். வீட்டுச் சாமான்களில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டச் சொன்னார் மூன்றாமவர். அதுதான் எனக்குப் பிடித்தது. கதவுக்கு 'தொர', கதிரைக்கு 'புட்டுவ' என்று தமிழ் எழுத்தில் எழுதி, குசினி அலுமாரி வரைக்கும் ஒட்டித் தள்ளினேன். சுவரிலிருந்த அண்ணையின் படத்திலும் 'பின்தூரய' என்று ஒட்டினேன். படம் என்று அர்த்தம்.

அண்ணைக்கு அந்தப் படத்தில் பதினேழு வயது. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஆமியின் சுற்றிவளைப்பில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு வரவில்லை.

மறுநாள் பார்த்தால் படத்தில் இருந்த துண்டு மட்டும் இல்லை. திரும்ப ஒட்டினேன். அதுவும் போய்விட்டது. மற்ற எல்லாத் துண்டுகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. பசை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டு மூன்றாம் தரமும் ஒட்டினேன். மூன்றாம் துண்டும் காணாமல் போனது. அம்மாவைக் கேட்டேன். அவருக்கு நான் எதைக் கேட்கிறேன் என்றே தெரியவில்லை.

நான் கடைசியாகப் பிடித்த வித்தை நடந்து படிப்பது. இருந்து படித்தால் மறக்கும், நடந்து படித்தால் ஒட்டும் என்றார்கள். அதோடு நம்முடைய குரலையே பதிவு செய்து கேட்கவேண்டுமாம். கேள்வியைச் சொல்லி, பதிலுக்கு இடைவெளி விட்டு, பிறகு பதிலைச் சொல்லவேண்டும். கேட்கும்போது அந்த இடைவெளிக்குள் நாம் பதிலை முந்திச் சொல்லவேண்டும். ஒரு சனிக்கிழமை காலை போனை அம்மாவின் அறை யன்னல் கட்டையில் வைத்துவிட்டு, ஒரு கேள்வி சொல்வேன். முற்றத்தில் நாலு எட்டுப் போய், நாலு எட்டுத் திரும்பி வந்து பதில் சொல்வேன். சோளகக் காற்று பனைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. இருபது கேள்வி முடிய எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அதைக் காதில் போட்டுக் கேட்டேன். மண்டைதீவுச் சந்திக்குக் கிட்ட, இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. இன்றைக்கு என்ன கிழமை என்று என் குரல் சிங்களத்தில் கேட்டது. இடைவெளி வந்தது. அதற்குள் யாரோ பதில் சொன்னார்கள்.

காதிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டுப் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தேன். அவரவர் நித்திரை. திரும்பப் போட்டேன். மெல்லிய, வெட்டி வெட்டிப் பேசும் ஒரு இளம் பெண்ணின் குரல். சிங்களம்தான், ஆனால் காற்றில் எனக்குப் பிடிபடவில்லை. முதல் ஐந்தாறு இடைவெளிகளில் ஒன்றுமில்லை. ஏழாவதில் தொடங்கியிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு இடைவெளியிலும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்திருந்தது. இருபதாவதில் சொல்லுக்கு முன்னால் மூச்சே கேட்டது.

பதிவு செய்தபோது வீட்டில் இருந்தது அம்மா மட்டும்தான். அம்மாவின் குரல் எனக்குத் தெரியாதா? இழுத்து இழுத்து, சொல்லைத் தேடித் தேடிக் கதைப்பவர். சிங்களத்தில் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசை அக்கா நீர்கொழும்பில் சிங்களம் பேசி வளர்ந்தவர். அவரிடம் போனைக் கொடுத்தேன். கேட்டுக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"உம்மடை வீட்டில சிங்கள ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"இல்லை அக்கா. என்ன சொல்லுது?"

"'மகே புத்தா கொஹெத?' என்ரை மகன் எங்கை எண்டு கேக்குது. நீர் என்ன கிழமை எண்டு கேக்கிறீர், அது என்ரை மகன் எங்கை எண்டுது. நீர் பஸ் எத்தினை மணிக்கு எண்டுறீர், அதுக்கும் அதைத்தான் கேக்குது." போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "இதை அழிச்சுப்போடும் பிள்ளை. எனக்கு நல்லாப் படேல்லை."

அழிக்கவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் முற்றத்தில் நின்று யன்னலைப் பார்த்து, இன்றைக்கு என்ன கிழமை என்று சிங்களத்தில் கேட்டேன். நாலு எட்டுப் போனேன். திரும்பியபோது அம்மா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூன் இல்லை. கை நடுக்கமில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, என்னிலும் உயரமான ஒருவருடைய முகம் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார்.

"மகே புத்தா கொஹெத?"

பஸ்ஸில் கேட்ட அதே இளம் குரல். சொல்லி முடித்ததும் தோள் தொய்ந்து, "நான் சாப்பிட்டனானோ?" என்று கேட்டார்.

அந்தக் குரலை நான் சின்ன வயதிலும் கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எத்தனையோ வருடமாக வராதது, யன்னலுக்கு முன்னால் நின்ற நிலையிலேயே வந்தது. கரம்பொனில் ஒரு பெரியவர் இருந்தார். இளமையில் தெற்கில் கடை வைத்திருந்தவர், சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார். அண்ணையைக் கொண்டுபோன பிறகு, அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவருடைய வாசற்படலையில் நின்று அந்த மூன்று சொல்லையும் வாங்கினார். அங்கிருந்து ஆமி முகாம் வாசல் வரைக்கும் நடந்தோம். ஒரு எட்டுக்கு ஒரு சொல்லாக அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் என் கையில் ஒரு இழுவை. தேவாரம் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு எந்தக் காணொளியோ சொல்லித்தந்த வித்தையை அம்மா யாரும் சொல்லாமலே செய்திருக்கிறார். தன் பெயரே மறந்து போனபிறகும் அது அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

வாசலில் துவக்கோடு ஒரு பொடியன் நின்றான். அம்மா கேட்டார். அவன் பதில் சொன்னான். கையைக் காட்டி, தலையை ஆட்டி, கனநேரம் சொன்னான். கேள்வியை மட்டும் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தோமே, பதில் விளங்கவேண்டாமா? அம்மாவும் யோசிக்கவில்லை, அந்தப் பெரியவரும் யோசிக்கவில்லை. அம்மா அவனுக்குத் தலையாட்டிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு திரும்பினார். அடுத்த நாள் போனபோது அவன் அங்கே இல்லை. வேறு ஆட்கள் கையை விசுக்கிப் போகச் சொன்னார்கள்.

பரீட்சைக்கு முந்திய இரண்டு கிழமையும் வேறு பதிவு செய்ய மனம் வரவில்லை. அதையேதான் கேட்டேன், பஸ்ஸில், கிணற்றடியில், கறிக்கு வெட்டும்போது. வாய்மொழிப் பரீட்சையில் கண்ணாடி போட்ட ஒருவர் சிங்களத்தில், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். 'அம்மயி மமயி', அம்மாவும் நானும். இவ்வளவுதான் நான் சொல்லவேண்டிய பதில். பதிவில் பதினைந்தாவது கேள்வி அது.

"மகே புத்தா கொஹெத?" என்றது என் வாய். குரலும் என்னுடையதாக இருக்கவில்லை.

போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த அம்மணி எழுதுவதை நிறுத்திவிட்டார். கண்ணாடிக்காரர், யாருடைய மகன் என்று மெதுவாகக் கேட்டார். அம்மாவின் மகன், என் அண்ணை என்றேன். பிறகு பாடமாக்காத சிங்களம் வந்தது. பிழை பிழையாக, இடையிடையே தமிழும் கலந்து, வாசல், வெயில், அந்தப் பொடியன் எல்லாம் சொன்னேன். வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவி, நன்றாக அழுதேன்.

சித்தி என்று கடிதம் வந்த அன்று அம்மா யன்னலடிக் கதிரையில் இருந்தார். விளங்காது என்று தெரிந்தும் அவர் பக்கத்தில் குந்தியிருந்து சொன்னேன்.

"அம்மா, நான் பாஸ். சிங்களம் பாஸ் பண்ணிப்போட்டன்."

அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். அவர் என்னை அப்படி அடையாளம் கண்டு பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். என் கையைப் பிடித்து இழுத்தார். அந்த இழுவை எனக்குத் தெரியும்.

"இப்ப உனக்கு அந்தப் பாஷை விளங்கும் என்ன?"

"ஓமம்மா."

"நீயும் எனக்குப் பக்கத்தில நிண்டனீதானே பிள்ளை. அந்தப் பொடியன் என்ன சொன்னவன்?"

எழும்பி முற்றத்துக்கு இறங்கினேன். நாலு எட்டுப் போய், நாலு எட்டுத் திரும்பினேன். அவன் சேட்டின் மேல் பொத்தான் இல்லாதது ஞாபகம் வந்தது. அவன் காட்டிய திசை ஞாபகம் வந்தது. ஒரு இடத்தில் அவன் குரல் தாழ்ந்ததுகூட ஞாபகம் வந்தது. சொற்கள் மட்டும் வரவில்லை. அம்மா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் திரும்பவும் நாலு எட்டு நடந்தேன்.