கட்டைவிரலில் ஒரு தோட்டாக் கோது

தேயிலை பேக்டரியில் குச்சி பொறுக்கும் வேலைக்கு மெஷின் வந்த பிறகு, நான் துவக்குச் சுடும் கழகமொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். தலவாக்கலையிலிருந்து நுவரெலியா போகும் பாதையில் இருக்கிறது அது. நான் துவக்கைத் தொட்டதுகூட இல்லை. சுட்டு முடித்த பிறகு தரையில் கிடக்கும் பித்தளைத் தோட்டாக் கோதுகளைத் தரம் பிரிப்பதுதான் என் வேலை. நல்ல கோதில் மறுபடி மருந்து அடைத்துச் சுடலாம். அடைக்கிறவர்கள் வேறு ஆட்கள். இது தேறும், இது தேறாது என்று சொல்வதோடு என் பொறுப்பு முடிந்துவிடும்.

எனக்கு முன்னால் மூன்று வாளிகள் இருக்கும். நல்லது ஒன்றில், சந்தேகமானது ஒன்றில், கழிக்கவேண்டியது ஒன்றில். நாலைந்து கோதுகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால் நல்லவை கிணுகிணுவென்று பேசும். வெடிப்பு விட்டது மட்டும் தடிமன் பிடித்து மூக்கடைத்தவள் மாதிரி 'டக்' என்னும். அப்புறம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, வாய் நெளிந்திருக்கிறதா, உள்ளே கோடு ஓடியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

கோதுகளைக் கழுவுவதற்கு இன்னொரு பெண் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், பலசாலி. எங்கள் இருவருக்கும் மேலே கழகத்தின் செயலாளர். ஒரு காலத்தில் தோட்டத்துரையாக இருந்த சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் பக்கத்தில் நிற்கிறவளிடமும் அடுத்த மலையில் நிற்கிறவளிடம் பேசுவதுபோல்தான் பேசுவார். போலீஸ் அனுமதியோடு நடக்கிற இடம் என்பதால் அவருக்கு ஒரே சட்டம். ஒரு கோதுகூட கேட்டைத் தாண்டக்கூடாது.

அன்று காலை 'பன்னிரண்டு போர்' என்கிற அகலக் குழல் துவக்கின் பெரிய பித்தளைக் கோது ஒன்று கையில் வந்தது. உள்ளே ஒரு கோடு தெரிந்தது. வெடிப்பா அழுக்கா என்று பார்க்க டோர்ச் எடுத்திருக்க வேண்டும். எழும்பச் சோம்பலாக இருந்ததால் கட்டைவிரலை உள்ளே விட்டுத் தடவினேன். வெடிப்பு இல்லை. விரலும் வெளியே வரவில்லை.

"என்னாக்கா, அத மாட்டிக்கிட்டு அழகு பாக்குறீங்க?" என்றாள் கழுவுகிறவள்.

"அழகா? வர மாட்டேங்குது புள்ள!"

சவர்க்காரம் போட்டோம். தேங்காயெண்ணெய் விட்டோம். கடைசியில் நான் கதவு நிலையைப் பிடித்துக்கொள்ள, அவள் கோதைப் பிடித்து இழுத்தாள். எண்ணெயில் அவள் கை வழுக்கிப் பின்னால் போய் வாளிகள்மேல் உட்கார்ந்தாள். நல்லது, சந்தேகம், கழிவு எல்லாம் ஒன்றாகக் கலந்து அறை முழுக்க ஓடின. அரை நாள் வேலை போயிற்று. விரல்தான் வீங்கியது.

சத்தம் கேட்டுச் செயலாளர் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார்.

"அது கழகத்துச் சாமான்."

"தெரியுங்க ஐயா. வெரலு என்னோடது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"நீங்க போகலாம். கோது போக முடியாது."

"அப்ப வெரல இங்க வச்சிட்டுப் போகவாங்க?"

அவர் உண்மையாகவே கொஞ்சம் யோசித்தார். பிறகு பெரிய பதிவுப் புத்தகத்தை எடுத்து, 'கோது ஒன்று, கட்டைவிரலோடு' என்று எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டார். இடது கையால் ஏதோ கிறுக்கினேன். புத்தகத்தைக் கக்கத்திலும் குடையைக் கையிலுமாக அவரும் கிளம்பினார். அவருடைய கார் பழுதாகி கராஜில் இருந்தது, அதனால் பஸ்தான்.

"கையத் தூக்கியே வைங்க, வீக்கம் எறங்கும்" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்தபடி போனேன். நானுஓயாவுக்குள் எதிரே வந்த லொறிக்காரர் ஒருவர் ஹோர்ன் அடித்து அவரும் கட்டைவிரலைக் காட்டினார். ஆட்டோக்காரர்கள் இருவர் பதிலுக்குக் காட்டினார்கள். எதற்காக வாழ்த்துகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

கண்டக்டர் மட்டும் குனிந்து பார்த்தார். "என்னாங்க ஐயா அது?"

"தோட்டா!" என்றார் செயலாளர், அடுத்த மலைக்குக் கேட்கும்படி.

"எந்தத் தோட்டம்ங்க?"

"தோட்டமில்ல, தோட்டா! சுடுறது!"

பக்கத்து சீட் அம்மா மரக்கறிப் பையோடு எழும்பி முன்னால் போய்விட்டார். நுவரெலியா வரும்வரை எங்கள் பக்கம் ஒருவரும் உட்காரவில்லை. வசதியாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேர வரிசை. குளிரில் கையைத் தூக்கிக்கொண்டே நின்றேன். என் முறை வந்து உள்ளே போனால், சின்ன வயதுப் பெண் டொக்டர். மரியாதைக்கு இரண்டு கைகளையும் சேர்த்து வணக்கம் சொன்னேன். அவ்வளவுதான். கோது தானாகக் கழன்று விழுந்து, கிணுங்கிக்கொண்டே உருண்டு மருந்து அலுமாரிக்கடியில் போய்விட்டது.

"மொகத அம்மே அமாருவ?" என்ன வருத்தம், உடம்புக்கு என்ன என்று சிங்களத்தில் கேட்டார் டொக்டர்.

எனக்குச் சொல்ல ஒரு வருத்தமும் இல்லை. "இப்ப ஒன்னுமில்லீங்க" என்றேன்.

அதற்குள் செயலாளர் தரையில் குப்புறப் படுத்து, அலுமாரிக்கடியில் குடையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். டொக்டர் எட்டிப் பார்த்து, இப்போது தமிழிலேயே கேட்டார்.

"அவருக்கு என்ன?"

"அவருக்குத் தோட்டா வேணுமாங்க."

டொக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். குடை முதலில் ஒரு பஞ்சு உருண்டையையும், பிறகு ஒரு பேனா மூடியையும், கடைசியில் கோதையும் கொண்டுவந்தது. அவர் எழும்பி, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"பாருங்க. நல்லதுதானே?"

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாங்கள் இழுத்த இழுப்பில் வாய் கோணிப்போயிருந்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"கழிக்கணுங்க ஐயா."

மனுசர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, 'திரும்பி வந்தது' என்று மட்டும் மெதுவாக எழுதினார். எனக்கே பாவமாக இருந்தது.

தோல் உரிந்திருந்ததால் டொக்டர் விரலுக்குப் பெரிய கட்டு ஒன்று போட்டுவிட்டார். அந்தக் கட்டைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் பதறிப்போய், "நீ உக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்று அடுப்படிக்குப் போனார். ரொட்டி சுட்டார், சம்பல் அரைத்தார், பாத்திரமும் கழுவினார். விரல் மறுநாளே சரியாகிவிட்டது. கட்டை நான் ஞாயிற்றுக்கிழமைவரை அவிழ்க்கவில்லை.