யார் சாயலும் இல்லாத பேச்சி

பூமாரிக்கு இந்த வருடம் எல்லார் மேலும் கோபம். ரிசார்ட்காரர்கள் மேல், கொச்சிக்காரர்கள் மேல், கடைசியில் எங்கள் லயத்தின் மேலேயே. கேரளத்துச் சாந்தன்பாறைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள்தான் லயம். அவளும் நானும் அங்கே அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். பல ஊர் சுற்றிவிட்டு நான் சித்திரையில் திரும்பி வந்தபோது அவள் ஒரு ஜீப்பின் பின்கதவில் புலி வரைந்துகொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? இந்தப் புலிக்கு மீச போதுமான்னு பாத்துச் சொல்லு" என்றாள். நலம் விசாரிப்பு அவ்வளவுதான்.

ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவள். பிழைப்புக்கு ரிசார்ட் சுவர்களில் கதகளி முகம் வரைகிறாள். "இந்த மலையில எவன்யா கதகளி ஆடுனான்?" என்று ஒரு மேனேஜரிடம் கேட்டதில் ஒரு வேலை போனது. தனக்காக வரைவது வேறு. திருநெல்வேலிப் பக்கமிருந்து எங்கள் ஆட்கள் மலையேறியபோது கூடவே வந்த சாமிகளைத்தான் வரைவாள். அவளுடைய சுடலைமாடன் ரப்பர் பூட்ஸும் கம்பளிக் கோட்டும் போட்டு, மூடுபனியில் பீடி பிடித்தபடி நிற்பார். அந்தப் படங்களைக் கொச்சியில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனாள். "நீங்கள் ஆதிவாசியா?" என்று ஒருவர் ஆசையாகக் கேட்டாராம். இல்லை என்றதும் அடுத்த ஓவியரிடம் போய்விட்டாராம். படங்கள் இப்போது அவள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன.

இந்த நிலையில்தான் கோயில் கமிட்டிச் செயலாளர் குருசாமி வந்து கேட்டார். பேச்சியம்மன் கோயிலில் இருப்பது ஒரு கல் மட்டும். கொடைத் திருவிழாவுக்கு முன்னால் கல்லுக்குப் பின்னாலிருக்கும் சுவரில் அம்மனைப் பெரிதாக வரைய வேண்டும். பூமாரி அன்று ராத்திரி சாப்பிடக்கூட இல்லை.

"கொச்சிக்காரன் பாக்காட்டி போறான். நம்ம சனம் தெனமும் பாக்கும்லடி. அந்தச் சுவத்துல என் படம் நின்னாப் போதும்."

படுதாவைக் கட்டி மறைத்துக்கொண்டு வரைந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லயமே கூடியிருக்க, படுதாவை அவிழ்த்தாள். பாறைமேல் பேச்சி உட்கார்ந்திருந்தாள். கொழுந்தெடுக்கிறவர்கள் கட்டுகிற பிளாஸ்டிக் ஷீட் இடுப்பில், கொழுந்து வெட்டும் கத்தரி ஒரு கையில், மடியில் பிள்ளை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூட்டத்திலிருந்து லயத்துச் செல்வலட்சுமி அக்காவின் குரல் கேட்டது.

"ஏ... இது நம்ம இருதயம்மால்ல!"

சிரிப்பு வெடித்தது. இருதயம்மாள் கொழுந்தெடுப்பவர், கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசை, மற்ற நாளெல்லாம் தண்ணீர்க்குழாயில் முன்வரிசை.

"அவ கால்லயா நான் விழணும்? நேத்துத்தான் எங்கொடத்தத் தூக்கி எறிஞ்சா!" என்றார் செல்வலட்சுமி அக்கா.

"அக்கா, அது பேச்சி" என்றாள் பூமாரி.

"பேச்சியா? அந்தத் தாடைய எனக்குத் தெரியாதா?"

குருசாமி தலையைச் சொறிந்தார். "கத்தரி இருக்கட்டும் தாயி, அதுவும் ஆயுதந்தான். மூஞ்சிய மட்டும் மாத்திரு. வேதக்காரப் பொம்பள மூஞ்சிய வச்சு ரெண்டு பக்கமும் என்னால ஏச்சு வாங்க முடியாது."

வீட்டுக்கு வந்து பூமாரி தூரிகைகளைத் தூக்கி எறிந்தாள். "பாத்தா பயமும் வரணும், கைப்பிள்ளைய நம்பிக் குடுக்கவும் தோணணும். பேச்சின்னா அதான? நெனச்சு நெனச்சுப் பாத்தேன், அவ மூஞ்சிதான் வந்துச்சு. இங்க வேற யாருடி இருக்கா?"

இதற்குள் சேதி இருதயம்மாள் காதுக்குப் போயிருந்தது. பூசை முடிந்த கையோடு, தலையில் போட்ட முக்காட்டை எடுக்காமலே வந்தார். கோயில் வாசலுக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்தார். சேதி கேட்டு ஓடி வந்த பூமாரி வசவுக்குத் தயாராக நின்றாள்.

"ஏட்டி, நான் மூக்குத்தி போடறதில்லயே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் மருமகள் பின்சியைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார்.

"அத்தை, இது நீங்கல்லா!"

"சும்மா இரு. அது அவங்க சாமி" என்றவர், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

பூமாரி வேறு முகங்களைத் தாளில் வரைந்து கமிட்டிக்குக் காட்டினாள். முதலில் காட்டியது மேஸ்திரி பெண்டாட்டி என்றார்கள். அடுத்ததை யாரையும் நினைக்காமல் வரைந்தாள். அதைப் பார்த்து ஒரு பெண் செத்துப்போன தன் சித்தி என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுத்த இடம் அது. உயிருள்ள ஒரு தாடையை வரைந்தால், அது யாராவது ஒருத்தியின் தாடையாகத்தான் இருக்கும்.

கடைசியில் குருசாமி ஒரு மளிகைக்கடைக் காலண்டரைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இந்தா தாயி. இது மாதிரி போடு. இது யாரும் இல்ல."

"அதான் அண்ணே எனக்குப் பிரச்சன."

"எனக்கு அது இல்லாட்டித்தான் பிரச்சன. நீ போடலன்னா பிளக்ஸ் அடிச்சு மேல ஒட்டிருவாங்க."

அவள் போட்டாள். நான்தான் டப்பாக்களைத் தூக்கிக் கொடுத்தேன். படம் முழுக்க எண்ணெய்ப் பெயின்ட். இந்த முகத்துக்கு மட்டும் அவள் மலிவான டிஸ்டெம்பரைத் தண்ணீரில் கரைத்தாள். கடுகடுவென்று இருந்தாள். ரோஸ் கன்னமும் தாமரைக் கண்ணும் சின்ன உதடுமாக மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

"இப்பத்தான் சாமி மாதிரி இருக்கு" என்று செல்வலட்சுமி அக்கா விழுந்து கும்பிட்டார்.

கொடையன்று இருதயம்மாள் வழக்கம்போலப் பொங்கல் வாங்க வந்தார். வெளியே நின்று சாப்பிட்டுக்கொண்டே சுவரை எட்டிப் பார்த்தவர் கை நின்றது.

"அழிச்சிட்டாளா?" என்று என்னிடம் கேட்டார்.

"மாத்தச் சொல்லிட்டாங்க பெரியம்மா."

"நல்லாத்தான் இருக்கு. வெள்ளையா" என்று இலையை மடக்கினார். பொங்கல் பாதி அப்படியே இருந்தது.

பூமாரி கொடைக்கே வரவில்லை. "இதுக்கு நீ பேசாம பிளக்ஸே ஒட்ட விட்டிருக்கலாம்" என்று நான் அவளிடம் கத்தினேன். அவள் கதவைச் சாத்தினாள்.

ஜூனில் மழை பிடித்தது. கோயிலின் பின்சுவர் எப்போதும் ஈர ஓதம் இறங்குகிற சுவர். ஒரு காலையில் எட்டிப் பார்த்தேன். ரோஸ் கன்னம் கொப்புளம் விட்டிருந்தது. உதட்டுக்குக் கீழே ஒரு பொருக்கு உதிர்ந்து, கறுத்த அகலத் தாடையின் ஓரம் தெரிந்தது.

பூமாரி ஜீப் ஷெட்டில் இன்னொரு புலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வரைவதற்கு முன்னால் ஜீப் கதவின் பழைய பெயின்டை உப்புத்தாள் வைத்துச் சுரண்டியிருந்தாள். கீழே தூள் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கோயில்ல நீ உப்புத்தாள் தேய்க்கவே இல்லயே! எண்ணெய்ப் பெயின்ட் மேல அப்படியே டிஸ்டெம்பர அடிச்ச. அது எப்படிடி ஒட்டும்?"

"சாமி மூஞ்சியப் போயி எவளாவது உப்புத்தாள் வச்சுத் தேய்ப்பாளா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"என்னத்துக்கு இளிக்க? மழ விட்டதும் குருசாமி அண்ணன் காலண்டரோட வந்து நிப்பாரு" என்றபடி, புலிக்கு இன்னொரு மீசை இழுத்தாள்.