தெரு முழுக்க ஒரே சென்ட்

போன மாதம் லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டுக்கு மோட்டார் மாட்டிவிட்டுத் திரும்பும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சென்ட் பாட்டில் வாங்கினேன். பெண்கள் போடுவது. பூ வாசனை.

வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் இவ்வளவு பேசுகிறவன் நேரிலும் அப்படித்தான் இருப்பேன் என்று நினைத்துவிடாதீர்கள். பேனாவுக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லை.

கடைக்கார பாய் சவூதியில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். "யாருக்குண்ணே? அண்ணிக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. தலையை ஆட்டினேன். என் புறங்கையில் 'புஸ்' என்று ஒரு அடி அடித்தார்.

"மோந்து பாருங்கண்ணே. மாஷா அல்லாஹ், தோட்டமே எந்திரிச்சு வரும்!"

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். நாலு பேர் பார்க்க, பொம்பளை சென்ட்டை எப்படி மோந்து பார்ப்பது? மோக்காமலேயே "நல்லாருக்கு" என்று சொல்லி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் கொடுப்பது அதைவிடப் பெரிய பாடு.

"இது ஏதுங்க?" என்றாள் தனம், என் மனைவி.

"கடையில குடுத்தாங்க."

"சும்மாவா?"

"ம்."

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். மூடினாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் பவுடர் டப்பாவோடு வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, நல்லாயில்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து எங்கள் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பினேன். குழாயடியில் ஒரு வாசனை... தெரு விளக்கு எரிந்தும் எரியாமலும் இருக்கிற நேரம். அந்த வாசனைக்குள் போனால் சைக்கிள் மிதிக்கிற மாதிரியே இல்லை, மிதக்கிற மாதிரி இருந்தது. என் தெருதானா என்று ஒரு சந்தேகம்.

குடத்தோடு திரும்பியது தனம் இல்லை. பால்காரி சரோஜா!

அடுத்த நாள் கமலாக்கா. அதற்கடுத்த நாள் பால்வாடி டீச்சர். நான் என் மனைவிக்கு வாங்கிய சென்ட் தெருவில் அவளைத் தவிர எல்லோர் மீதும் மணத்தது. தலையைக் குனிந்துகொண்டே வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. டீக்கடையில் ஒருவர், "எந்தப் புண்ணியவான்யா தெருவுக்கே சென்ட் வாங்கிக் குடுத்தது?" என்று கேட்டபோது, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

போதாக்குறைக்கு எங்கள் வாசலிலேயே ஒரு விசாரணை நடந்தது. தனம் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி வைத்துக் கேட்டாள். நான் உள்ளே இருந்தேன்.

"அத ஏன் கேக்குற!" என்றாள் சரோஜா. "எரும என்னைய மோந்து பாத்துட்டு ஒரே ஒத. சொம்போட பால் போச்சு. அதுக்கு நான் யாரோ பொம்பள! வூட்டுக்குப் போனா எம்புருசன், 'யாருடி வந்துட்டுப் போனா'ங்குறாரு."

"புள்ளைங்க பூரா மடியில ஏறிக்கிச்சுங்க. எனக்குத்தான் மத்தியானம் வரைக்கும் தலவலி" என்றார் டீச்சர்.

"தலவலி கெடக்கட்டும் டீச்சர். வாசன எப்படி? மல்லியா, ரோசாவா?"

"மொதல்ல மல்லி. போகப்போக என்னமோ பழுத்த பழமாட்டம்..."

கமலாக்கா தன் மணிக்கட்டை இன்னொரு தடவை மோந்து பார்த்தார். பிறகு, "மால போட்ட பொணத்துக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்கறாப்புல இருக்குடி" என்றார். அவர் கணவர் போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

ஒரே பாட்டில்தான். ஆனால் அவரவர் வீட்டு வாசனை அல்லவா அதில் வருகிறது?

எனக்கோ வருத்தம் உள்ளே ஊறிக்கொண்டே இருந்தது. பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. அவள் மட்டும் ஒரு சொட்டு போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

"புடிக்கலன்னா சொல்லிடேன். எதுக்கு ஊருக்கெல்லாம் குடுக்குற?"

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு வாசன தெரியாதுங்க."

"தெரியாதுன்னா?"

"சின்னவ கைப்புள்ளயா இருக்கையில ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. பூ வச்சாலும் ஒண்ணுதான், கொழம்பு தீஞ்சாலும் ஒண்ணுதான்."

சின்னவள் இப்போது பத்தாவது படிக்கிறாள்.

இந்த இடத்தில் ஒரு மனுசன் என்ன கேட்க வேண்டும்? நான் கேட்டது இது: "ரசம் வைக்கிறியே?"

சிரித்துவிட்டாள். "கண்ணு இருக்குல்ல? நொர கட்டுனா எறக்கிடுவேன். நல்லாருக்கா இல்லையான்னு நீங்க சாப்புடற வேகத்துல தெரிஞ்சுக்குவேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா? மோட்டாருக்குக் காயில் மாத்தறாப்புல மூக்க மாத்திப்புடுவீங்களாக்கும்!"

மடித்த துணிகளை எடுத்து அடுக்கினேன். அவளே சொன்னாள்.

"நீங்களா ஒண்ணு வாங்கியாந்திருக்கீங்க. கடையில சும்மா குடுப்பாங்களா, எனக்குத் தெரியாதா? அது எப்படி இருக்குன்னு தெரியணும்ல? அதான் ஆளாளுக்குப் பூசிவுட்டுக் கேட்டேன். ஒருத்தி மல்லிங்கிறா, ஒருத்தி பழங்கிறா, கமலாக்கா பொணத்து மாலங்குது. நான் எதைன்னு நெனச்சுக்கறது?"

எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். மணிக்கட்டில் தடவிக்கொண்டு என் பக்கம் நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க."

அவள் கையைப் பிடித்து மோந்தேன். வெளியே வெயில். தெருவில் ஒரு சத்தம் இல்லை. என்ன சொல்ல? வாசனைக்கு என்னிடம் ஏது வார்த்தை? கண்ணுக்குள் ஏதோ வந்து நின்றது. அதையே சொல்லத் தொடங்கினேன்.

"வெடியக்காலம்..."

"ம்."

"அரியலூர் பஸ் ஸ்டாண்டு. லேசா மழ பேஞ்சு ஓஞ்சிருக்கு. பூக்கடையில இப்பத்தான் கூடையப் பிரிக்கிறாங்க. மல்லி, ரோசா, கொஞ்சம் மரிக்கொழுந்து. எல்லாத்து மேலயும் தண்ணி தெளிச்சாச்சு. நீ பஸ்ல ஜன்னலோரம் ஒக்காந்திருக்க. காத்து வருது. அதுல வருதே... அது."

அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"நீங்க?"

"பக்கத்து சீட்டுல."

"பஸ்சு எங்க போவுது?"

"இன்னும் கெளம்பல. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காரு."

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "மெதுவாவே குடிச்சிட்டு வரட்டும்."