நைலோன் கயிறும் காணி உறுதியும்

கையில் இருந்த கிறீஸ் இன்னும் முழுதாகப் போகவில்லை. சோப், மண்ணெண்ணெய், சாம்பல், மறுபடி சோப்... நகக்கண்ணில் கறுப்பு அப்படியே நிற்கிறது. அந்தக் கையால்தான் இந்த வாரப் பத்தியை எழுதுகிறேன். கொஞ்சம் சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன புதன்கிழமை என் கார் நடுவழியில் நின்றுபோனது.

கார் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்யவேண்டாம். ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்து, கொழும்பில் யாரோ ஓட்டிக் களைத்து, கடைசியில் எங்கள் ஊர் மாம்புரிக்கு வந்து என்னிடம் மாட்டிக்கொண்ட கார். உப்புக் காற்று பாதியைத் தின்றுவிட்டது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்று பின் சீட்டில் ஜெசீமா ராத்தா இருந்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி இருப்பவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் வந்து இறங்கியவர்களில் ஒருவர். நான் அதற்குச் சில வருடங்கள் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். இருபது வருடத்துக்குக் கிட்ட அயலவர்கள். நோன்புக் கஞ்சி அங்கிருந்து வரும். பொங்கல் இங்கிருந்து போகும். நல்ல சனம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்வோம்.

அன்றைக்கு ராத்தாவுக்கு ஒரு முக்கியமான அலுவல். மன்னாரிலிருந்து காணி அதிகாரிகள் புத்தளத்துக்கே வருகிறார்கள். இடம்பெயர்ந்தவர்களின் காணி உறுதிப் பத்திரங்களைப் பார்த்துப் பெயர் பதிவார்கள். ஒரே ஒரு நாள். பகல் பன்னிரண்டு மணி வரை. சம்பந்தப்பட்டவர் நேரில் வரவேண்டும், மூல உறுதியோடு. தவறவிட்டால்? கேட்பாரில்லாத காணி என்று எழுதிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. ராத்தாவின் கணவர் மௌத்தாகி இரண்டு வருடம். மகன் கட்டாரில். போகவேண்டியது அவர்தான்.

அவர் பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தார். "என்னத்துக்கு ராத்தா பஸ்? கார் சும்மாதானே நிக்குது" என்று சொன்னவன் நான். இனி வாழ்நாளில் யாருக்கும் இப்படிச் சொல்லமாட்டேன்.

எட்டரை மணி இருக்கும். பாலாவிச் சந்திக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீற்றர். பொனட்டுக்குள் யாரோ செருப்பால் அடித்தது மாதிரி ஒரு சத்தம். உடனே பற்றரி லைட் எரிந்தது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. சூடு காட்டும் முள் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

ஓரமாக நிறுத்திப் பொனட்டைத் திறந்தேன். ஃபேன் பெல்ட் அறுந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றவேண்டும், மாற்றவேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டே நான் மாற்றாமல் விட்ட அதே பெல்ட்.

புத்தியுள்ள மனிதன் இந்த இடத்தில் என்ன செய்வான்? முதலில் ராத்தாவைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவான். பிறகு மெக்கானிக்குக்குப் போன் எடுப்பான். அவ்வளவுதான் வேலை.

நான் என்ன செய்தேன்? ஜன்னல் வழியாக ராத்தாவுக்கு வகுப்பு எடுத்தேன்.

"ராத்தா, பயப்பிடாதீங்கோ. எஞ்சின் சுத்துற சுத்தை இந்தப் பெல்ட்தான் மற்றதுகளுக்குக் குடுக்கிறது. தண்ணிப் பம்ப், பற்றரி சார்ஜ், ஸ்டியரிங்... எல்லாம் இதிலதான். இது இல்லாட்டியும் எஞ்சின் ஓடும். ஆனா கனதூரம் ஓடாது, சூடாகிப்போம்."

"சரி தம்பி" என்றார் ராத்தா. அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார் ரட்ணம் அண்ணை. கிளிநொச்சிப் பக்கத்து ஆள். இப்போது எங்கள் ஊரில் தோட்டம் செய்கிறார். பின்னால் இரண்டு மூட்டை பச்சைமிளகாய், அதைக் கட்டிய நைலோன் கயிறு.

"என்ன தம்பி, பெல்ட்டே? மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஆக்களுக்கு உது ஒரு விசயமே!"

இளைய வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. யுத்த காலத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் என்ற பேச்சே இல்லை. நாலு துளி பெற்றோலைக் காட்டிப் பழைய மொறிஸ் காரை ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புகை பின்னால் வரும், நாங்கள் இருமிக்கொண்டு முன்னால் போவோம். பெல்ட் அறுந்தால் சைக்கிள் டியூப். டியூப் இல்லையென்றால் கயிறு. எதுவும் இல்லாத ஊரில் எல்லாவற்றையும் ஓடவைத்தோம்.

பெருமைதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமை ஒரு நாட்பட்ட வருத்தம் மாதிரி உடம்பில் தங்கிவிட்டது. யுத்தம் முடிந்துவிட்டது. ஐந்து கிலோமீற்றரில் கடை இருக்கிறது, கடையில் பெல்ட் இருக்கிறது. இருந்தும் எதையாவது கண்டால் கை தானாகக் கயிற்றைத் தேடுகிறது.

தேடியது. ரட்ணம் அண்ணை மூட்டையை இறக்கிக் கயிற்றை அவிழ்த்தார். நான் கம்பியால் நெம்பினேன். எஞ்சினின் அடிச்சக்கரத்துக்கும் தண்ணிப் பம்ப் சக்கரத்துக்கும் இடையில் நாலு சுற்று. மேலே ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு. இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்துப்போனோம். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தோம்.

எங்களைத் தாண்டிப் புத்தளம் பஸ் ஒன்று போனது.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒரே தடவையில் ஸ்டார்ட்! ரட்ணம் அண்ணை கை தட்டினார். ராத்தாவும் சிரித்தார். நான் ஒரு ராசாவைப் போலக் காரை ரோட்டுக்கு எடுத்தேன்.

இரண்டு நிமிடம். உள்ளே சடசடவென்று ஏதோ அடிபட்டது. எஞ்சின் அப்படியே அணைந்தது. கயிறு போய்விட்டது. மிச்சக் கயிற்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்த ரட்ணம் அண்ணையும் நிறுத்தினார்.

இனித்தான் கதை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றமாட்டேன் என்கிறது. ஏன்?

நடுரோட்டில் ஒரு கார் பொனட்டைத் திறந்துகொண்டு நின்றால் நம் ஊரில் டொக்டர்களுக்குப் பஞ்சமே வராது. "பற்றரி இறங்கியிருக்கும்" என்றார் ரட்ணம் அண்ணை. மீன் ஏற்றிவந்த பட்டா லொறிக்காரர் ஒருவர் நிறுத்தி, தன் பற்றரியிலிருந்து வயர் கொடுத்துப் பார்த்தார். எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றியது, பற்றவில்லை. "சூடு ஏறியிருக்கும்" என்றார் அவர். ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம். பற்றவில்லை. "பெற்றோல் வருதில்ல போல" என்றார் சைக்கிளில் வந்த ஒருவர். பெற்றோல் குழாயைத் தட்டிப் பார்த்தோம். பற்றவில்லை. பிளக் வயரைக் கழற்றிப் பார்த்தோம். நெருப்பே இல்லை. "அப்ப நெருப்புக் குடுக்கிற கொயில் செத்துப்போச்சு" என்று ரட்ணம் அண்ணை தீர்ப்பு எழுதினார்.

எல்லோரும் நல்ல மனிதர்கள். ஒருவர்கூட "என்ன நடந்தது?" என்று முதலிலிருந்து கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆளுக்கொரு மருந்து, யாரிடமும் நோயின் பெயர் இல்லை.

இன்னொரு பஸ் போனது. மற்றொன்றும் போனது. தூரத்தில் நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கி தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. மணியைப் பார்த்தேன். பத்தே முக்கால்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ராத்தா இறங்கினார். முக்காட்டைச் சரிசெய்தார். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி... நான் போகட்டா?"

எனக்கு விளங்கவில்லை.

"கூட்டிவந்தவங்கள நடுரோட்டில விட்டுட்டு, நான் மட்டும் பஸ் ஏறிப் போற மரியாதையில்ல எண்டுதான் இவ்வளவு நேரம் இரிந்தன். கோவிக்காதீங்க தம்பி. பன்னெண்டுக்கு மூடிருவாங்க."

அவர் மரியாதைக்காகக் காத்திருந்தார். நான் கௌரவத்துக்காகக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் மூன்று பஸ் போய்விட்டது. அந்த நேரம் எனக்கு வந்த வெட்கத்தை என்னவென்று எழுதுவது? "ஐயோ ராத்தா, போங்கோ... போங்கோ" என்று மட்டும் வந்தது. அவரே கையை நீட்டிக் கற்பிட்டியிலிருந்து வந்த பஸ்ஸை நிறுத்தினார். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு மெக்கானிக்குக்குப் போன் எடுக்கும் புத்தி வந்தது. நிஸ்தார் பாஸ். பாலாவியில் கராஜ் வைத்திருப்பவர். புது பெல்ட்டோடு வந்தார். பற்றரியைப் பார்க்கவில்லை. கொயிலைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"பெல்ட் அறுந்த நேரம் எஞ்சின் நிண்டதா?"

"இல்ல பாஸ். நான்தான் நிப்பாட்டினன்."

"அதுக்குப் பொறகு ஸ்டார்ட் ஆனதா?"

"ஓம்... ஒரு தரம்."

"அப்ப அதுக்குப் பொறகுதான் என்னமோ நடந்தீக்குது. என்ன செஞ்சீங்க?"

ரட்ணம் அண்ணை மிளகாய் மூட்டையைப் பார்த்தார். நான் புகைபோக்கியைப் பார்த்தேன்.

பாஸ் ஒரு காட்போட் மட்டையை விரித்துக் காருக்கடியில் புகுந்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்த கையில் பிசிர் பிசிராகப் போன நைலோன் கயிற்றுத் துண்டு. அடிச்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சென்சர் இருக்கிறதாம். எஞ்சின் சுற்றுகிறது என்று காரின் கொம்பியூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அவிழ்ந்த கயிறு சுழன்று அடித்ததில் அதன் வயர் அறுந்துவிட்டது. எஞ்சின் என்னதான் சுற்றினாலும் கொம்பியூட்டருக்குத் தெரியாது. தெரியாததால் பெற்றோலும் கொடுக்காது, நெருப்பும் கொடுக்காது.

"பெல்ட் அறுந்ததுக்கு இந்தக் கார் சாகல்ல சேர்" என்றார் பாஸ். "நீங்க வைத்தியம் பார்த்ததுக்குத்தான் செத்தீக்குது."

வயரைச் சேர்த்து ஒட்டினார். பெல்ட்டைப் போட்டார். சாவியைத் திருப்பினேன். பற்றியது. யாரும் கை தட்டவில்லை.

புத்தளம் போய்ச் சேரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. பதிவு நடந்த மண்டபத்தின் வாசலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பதியாமல் விட்டிருந்தால்? பஸ் நெரிசலில் தாமதமாகியிருந்தால்? ஒரு மனிதரின் காணியை நான் நாலு முழக் கயிற்றால் இல்லாமலாக்கிவிட்டேனா?

மரநிழலில் ராத்தா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"கார் சரி வந்திச்சா தம்பி?"

முதல் கேள்வி அதுதான். காரைப் பற்றி.

"அது சரி ராத்தா. உங்கட அலுவல்?"

"அல்ஹம்துலில்லாஹ். கடைசி நாலு பேருல ஒரு ஆளாப் போய்ட்டன். பேர் பதிஞ்சு நம்பர் தந்தாங்க. இனி மன்னாருக்கு வந்து எல்லையக் காட்டச் சொல்றாங்க." கையில் இருந்த ஃபைலைப் பார்த்தார். "எல்லாம் காடு புடிச்சுப் போச்சாம். எதக் காட்டுற எண்டுதான் யோசிச்சிட்டு இரிந்தன்."

காரில் ஏறினோம். பாலாவி தாண்டியது. பிறகு கேட்டேன்.

"உங்கட காணியில என்ன ராத்தா இருந்தது?"

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

"இவ்வளவு காலம் பக்கத்தில இரிக்கிறம். நீங்க இதக் கேட்டது இண்டைக்குத்தான் தம்பி."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. ஏன் கேட்கவில்லை? எங்களுக்கும் இழப்பு, அவர்களுக்கும் இழப்பு, எல்லோரும் இடம்பெயர்ந்த சனம் என்று ஒரே கோணியில் போட்டுக் கட்டிவிட்டேன். கேட்டால், அவர்களைப் போகச் சொன்னது யார் என்ற இடத்துக்குக் கதை வந்து நிற்கும். துவக்கோடு வந்து போகச் சொன்ன தமிழ் இயக்கத்தவர் பேசியதும் என்னுடைய தமிழ்தான். அதற்குப் பயந்து, கஞ்சியும் பொங்கலுமாகக் காலத்தை ஓட்டிவிட்டேன்.

ராத்தா சொல்லத் தொடங்கினார். வாப்பா வெட்டிய கிணறு. கிணற்றடியில் கல்லில் தட்டி உம்மா கழுவும் மீன். மேற்கு எல்லையில் பன்னிரண்டு பனை, அதில் ஒன்று இடி விழுந்து மொட்டையானது. வீட்டை விட்டுப் போகச் சொன்ன அன்று அடுப்பில் இருந்த சோறு. கதவைப் பூட்டியது, பூட்டி என்ன என்று திரும்பிப்போய்த் திறந்துவிட்டது... மாம்புரி வந்து, அவர் வீட்டு வாசலும் வந்துவிட்டது. அவர் இறங்கவில்லை. கதை இன்னும் முடியவில்லை.

இவ்வளவும் மனதில் இருந்த ஒருவருக்கு, நான் காலையில் ஜன்னல் வழியாக ஃபேன் பெல்ட் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!