காருக்கு யார் பேரில் அர்ச்சனை

புலம்பெயர்ந்து மல்கிரேவில் இருக்கும் கேதீஸ்வரனுக்கு ஒரேயொரு பித்து, மஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டு பேர் மட்டுமே இருக்கக்கூடிய, கூரை திறக்கும் அந்த ஜப்பான் காரின் நான்கு தலைமுறைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி ஓட்டிவிட்டார். முதலாவதற்கு முன்விளக்குகள் தவளைக்கண் போல மேலே எழும்பும். அடுத்ததில் அவை எழும்பாமல் முகத்தோடு பதிந்துவிட்டன. மூன்றாவது கொஞ்சம் கொழுத்து வந்தது. நான்காவது பழையபடி மெலிந்து வந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால், பிள்ளைகுட்டிக்காரன் கூரையில்லாத காரில் திரிகிறான் என்று சனம் சிரிக்குமே. ஊர்வாய்க்குப் பயந்து முதல் காரைச் சிநேகிதனுடையது என்றார். அடுத்தது இரவல். கார் திருந்தத் திருந்தப் பொய்யும் திருந்தியது.

மனைவியின் ஆக்கினை தாங்காமல் நான்காவதைப் பூசைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனார். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்துவிட்டு ஐயர் கேட்டார். "யாற்ற பேருக்கு அர்ச்சனை?"

பக்கத்தில் தெரிந்த சனம் நின்றது. "மகன்ர கார், ஐயா. தனோஜன், சதய நட்சத்திரம்."

ஐயர் முகம் மலர்ந்தது. "தனோஜன் தம்பி போன மாதம் தன்ர காருக்கும் பூசை செய்விச்சவர். முதல் உழைப்பில வாங்கினதாம். அர்ச்சனை மட்டும் உங்கட பேருக்கு. அப்பாவாலதான் தனக்குக் காரில ஆசை வந்ததெண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னவர்."

கேதீஸ்வரன் குனிந்து, சரியாகவே இருந்த தேசிக்காயைச் சரிசெய்யத் தொடங்கினார். மணி அடித்து ஓய்ந்த பிறகும் நிமிரவில்லை.